6 வருடம், 14 குழந்தைப் போர்வை: சென்னைக்கு எந்த நூல்?

2019-ல் தங்கை வளைகாப்புக்காக நான் பின்னிய முதல் போர்வை முழுக்க அக்ரிலிக். இளம் ரோஸ், வெளிர் மஞ்சள், புதினாப் பச்சை, பட்டை பட்டையாக. பார்த்த எல்லாரும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது ஏப்ரலில். கத்திரி வெயில் வரும் நேரத்தில் மயிலாப்பூர் வீட்டில் அதை யார் போர்த்துவது? அம்மா தன் பழைய வாயில் புடவையைக் கிழித்துத் துண்டு போட்டாள், என் போர்வை டிசம்பர் வரை பீரோவில் தூங்கியது.

அக்ரிலிக்கைக் குறை சொல்ல மாட்டேன். லேசாக இருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும், வெளிர் நிறங்கள் எக்கச்சக்கம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, போர்த்திய அரை மணியில் குழந்தையின் பிடரி நனைந்துவிடும். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. ஓரம் சுருண்டிருக்கிறதே என்று ஒருமுறை சூடாக வைத்தேன், அந்த மூலை இளகி, பளபளவென்று தொளதொளத்துப் போனது, திரும்பவே இல்லை.

சரி என்று சுத்தப் பருத்திக்கு மாறினேன். உடம்புக்கு அருமை. ஆனால் நனைந்தால் கல் மாதிரி கனக்கும், கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும், விரித்துப் போட்டுத்தான் காயவைக்க வேண்டும், நவம்பர் மழையில் 2 நாள் ஆகியும் ஈரம் போகாமல் ஊசல் வாடை அடித்த கதையும் உண்டு. இப்போது பாதிக்குமேல் பருத்தி இருக்கும் கலப்பு நூல்தான் எடுக்கிறேன். பாரிமுனைச் சந்துகளில் வாங்கும்போது ‘மில்க் காட்டன்’ என்ற பெயரை மட்டும் நம்பாமல் லேபிளைப் படியுங்கள், பலவற்றில் அக்ரிலிக்தான் அதிகம். ஒரு போர்வைக்கு எனக்கு 450 கிராம் ஆகிறது, மொத்தத்தையும் ஒரே சாய லாட்டில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலில்) வாங்கிவிடுவது நல்லது. குறைந்த ஒரு உருண்டையைப் பிறகு வாங்கிச் சேர்த்தேன், டியூப்லைட்டில் தெரியாத வித்தியாசம் மொட்டைமாடி வெயிலில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

ஒரே கொக்கி ஊசியில் பின்னும் குரோஷாவா, இரண்டு நீள ஊசியில் பின்னும் நிட்டிங்கா? நிட்டிங் போர்வை மெல்லிசாக, துணி போல வழிந்து விழும், அழகு அதற்குத்தான். ஆனால் ஒரு வரிசைக் கண்ணி முழுக்க ஊசியில் நிற்கும், என் பையன் ஊசியை உருவிவிட்ட அன்று ஏணி ஏணியாக இறங்கியதைப் பார்த்து அழுகையே வந்தது. குரோஷாவில் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணி, குக்கர் விசில் அடித்தால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். கனமாக வரும் என்பதுதான் குறை. அதற்கு நான் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும் நூலுக்கு 5 மி.மீ. ஊசி எடுத்துத் தளர்வாகப் பின்னுகிறேன். மே மாத வியர்வைக் கையில் அலுமினிய ஊசி நூலோடு கிறீச்சிடும், மூங்கில் ஊசி நிம்மதி. இன்னொன்று, அமெரிக்க டிசைனில் சிங்கிள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் டிசைனில் டபுள் குரோஷே. இது தெரியாமல் மூன்றில் ஒரு பங்கு பின்னிவிட்டுப் பிரித்தேன்.

ஓட்டை ஓட்டையான விசிறி டிசைன் வேண்டாம், கால் விரல் மாட்டுகிறது. நூல் நுனிகளையும் ஆழமாக உள்ளே செருகிவிடுங்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதால், மடியில் வைத்திருக்கும்போது, ஏசி ரயிலில் விழித்திருக்கும்போது போர்த்தத்தான் என்று சொல்லியே கொடுக்கிறேன்.

நிறத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய், திருஷ்டிப் பொட்டு மை, பாட்டிமார் குங்குமக் கை எல்லாம் படும். யானைத் தந்தம் மாதிரியான வெளிர் நிறம் 3 மாதம் தாங்காது. புதினாப் பச்சைதான் இதுவரை மானத்தைக் காப்பாற்றியது. 15-வது போர்வைக்குப் பக்கத்து வீட்டு அக்கா சுத்த வெள்ளை கேட்டிருக்கிறார், நான் பச்சை உருண்டைகளை வாங்கி வைத்துவிட்டு இன்னும் சொல்லவில்லை.