அம்மாவுக்காக எடுத்த ஆக்குபேஷனல் தெரபி, எங்க அனுபவம்

அம்மாவுக்கு மேக்குலர் டிஜெனரேஷன்னு ஒரு கண் நோய், நேரா பாத்தா நடுவுல மங்கல், ஓரமாதான் தெரியும், கண்ணாடி மாத்தியும் பிரயோஜனம் இல்ல. ஆக்குபேஷனல் தெரபின்னா அன்றாட வேலைய நாமளே செய்யப் பழக்கறது. அதுக்காக வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் முதல் நாள் நேரா அடுப்படிக்கு போய் "எப்பவும் போல வேலைய பாருங்கம்மா"ன்னு சொல்லிட்டு நின்னு கவனிச்சாங்க. அப்புறம் ஸ்டவ் திருகுல சிம் வர்ற இடத்துல தடவுனா தட்டுப்படற மாதிரி ஒரு ஸ்டிக்கர், படி ஓரத்துல மஞ்சள் டேப், படிக்கிற லைட்ட புக் பக்கத்துல இறக்கி வச்சாங்க, அவ்ளோதான். ஆள் முகத்த நேரா பாக்காம கொஞ்சம் தள்ளி பாக்கப் பழக்குனதுதான் பெரிய விஷயம், ஆனா வாரக்கணக்கா பொறுமை வேணும், அம்மா ரெண்டு தடவ கோவிச்சுக்கிட்டாங்க. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுக்குள்ள உயிர் போயிடுது, அது ஒரு குறை. பார்வை திரும்பும்னு நெனச்சு போகாதீங்க, அது இவங்க வேலை இல்ல. இப்ப நான் ஸ்டவ் பக்கம் போனா அம்மா "நீ நகரு"ங்கறாங்க.