சீட்டுக்கட்டா, சீட்டுத் தாங்கியா? உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பில் எதற்கு இடம் கொடுப்பது

உள்ளூர் வரலாற்றுக்கென்று இருக்கும் சின்னச் சேகரிப்புகளில் இடம் எப்போதும் இழுபறிதான். யாராவது பழைய வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பெட்டி வந்து இறங்கும். உள்ளே சீட்டுக்கட்டுகள், சீட்டைக் கையில் பிடிக்காமல் நிறுத்தி வைக்க மரத்தில் செய்த ஒரு சீட்டுத் தாங்கி, புள்ளி குறிக்கும் பலகை, புள்ளி எண்ண எலும்பில் செதுக்கிய வில்லைகள் எல்லாம் கலந்து கிடக்கும். அத்தனையையும் வைத்துக்கொள்ள முடியாது என்னும்போது கை முதலில் போவது சீட்டுக்கட்டுக்குத்தான். வண்ணமாக இருக்கிறது, பழையது என்று பார்த்தவுடனே தெரிகிறது, வருகிறவர்களுக்கும் பிடிக்கும். மரத்துண்டில் ஒரு பள்ளம் போட்ட தாங்கியை யாரும் சீண்டுவதில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. உள்ளூர்ச் சேகரிப்புக்குத் தாங்கிதான் முதல். புள்ளிப் பலகை அடுத்தது. சீட்டுக்கட்டு, சில விதிவிலக்குகள் தவிர, கடைசி. ஏன் என்று ஒவ்வொன்றாக எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

காலத்தைச் சொல்வதில் சீட்டுக்கட்டை மிஞ்ச முடியாது

சீட்டுக்கட்டின் பலத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். காலம் கணிப்பதற்கு இவ்வளவு வசதியான பொருள் வீட்டுச் சாமான்களில் குறைவு. காரணம், வரி. இங்கிலாந்தில் 1711-இல் விதித்த முத்திரை வரி சீட்டுகளின் மேலும் விழுந்தது. 1765-லிருந்து இஸ்பேட் ஏஸை அரசின் முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. அதைக் கள்ளத்தனமாக அச்சடித்த குற்றத்துக்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் தூக்கிலேயே போட்டார்கள். 1828-லிருந்து 1862 வரை வந்த ஏஸ் சுருள் சுருளான வேலைப்பாடு நிறைந்தது. 1862-க்குப் பிறகு தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த ஏஸை அச்சடித்துக்கொள்ள முடிந்தது. வரி ஒரேயடியாக ஒழிந்தது 1960-இல். ஆக, இஸ்பேட் ஏஸை மட்டும் திருப்பிப் பார்த்தாலே கட்டு எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அமெரிக்கக் கட்டுகளில் வேறு வழி. 1894-லிருந்து 1965 வரை அட்டைப் பெட்டியின் மேலோ உறையின் மேலோ வரி வில்லை, அதாவது வரி கட்டியதைக் காட்டும் ஒட்டுத்தாள், ஒட்டினார்கள். அதைத் திரும்பப் பயன்படுத்தாமல் இருக்கத் தயாரிப்பாளர் தன் பெயரெழுத்துகளையும் தேதியையும் அதன் மேல் அடித்துவிடுவார். அந்த வில்லை கிழியாமல் இருந்தால் வேலை சுலபம்.

வில்லையோ ஏஸோ இல்லாவிட்டாலும் தடயம் உண்டு. மூலைகள் வெட்டு மாறாமல் கூராக இருக்கின்றனவா, வளைத்திருக்கிறார்களா? மூலையில் எண் உண்டா? ராஜாவும் ராணியும் முழு உருவமாக நிற்கிறார்களா, மேலும் கீழும் தலை வைத்த இரட்டை உருவமா? பின்பக்கம் வெறும் வெள்ளையா? மூலை எண்கள் பரவலானது 1870-களுக்குப் பிறகுதான். ஜோக்கர் இருந்தால், யூக்கர் ஆட்டத்துக்காக 1860-களில் அமெரிக்காவில் சேர்த்த சீட்டு அது, அதற்கு முந்தைய கட்டாக இருக்க வழியில்லை.

சரி, இவ்வளவு சொல்கிற பொருளை ஏன் கடைசியில் தள்ளுவது? அது சொல்வதெல்லாம் தொழிற்சாலையைப் பற்றி. லண்டனில் குடால் நிறுவனமும் டி லா ரூ நிறுவனமும் அச்சடித்த ஒரே கட்டு ஆயிரம் ஊர்களுக்குப் போனது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1885-இல் வந்த பைசிக்கிள் என்னும் பெயர்கொண்ட கட்டும் அப்படியே. உங்கள் ஊரில் கிடைத்தது என்பதால் அது உங்கள் ஊரைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லிவிடாது. அதோடு, சீட்டுக்கட்டுகளைச் சேர்ப்பதற்கென்றே பெரிய அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஆல்ட்டன்பர்க், ஸ்பெயினில் விட்டோரியா, பெல்ஜியத்தில் டுர்ன்ஹவுட் என்று வரிசை கட்டி நிற்கின்றன. அவர்களோடு ஓர் உள்ளூர் அலமாரி போட்டி போட வேண்டியதில்லை.

ஒரே ஒரு சீட்டு முழுக்கட்டை வெல்லும் இடம்

விதிவிலக்கு என்று சொன்னேனே, அது இதுதான். பின்பக்கம் வெறுமையாக இருந்த காலத்தில் சீட்டு என்பது கைக்கு எட்டும் நல்ல அட்டை. ஆட்டம் முடிந்து பழசானதும் அதில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். புதிய பிரான்ஸ் எனப்பட்ட கனடாவில் 1685-இல் படைவீரர்களுக்குக் கொடுக்க நாணயம் வந்து சேரவில்லை. நிர்வாகி ஜாக் டி மெல் சீட்டுகளைக் கையெழுத்திட்டுப் பணமாகவே புழக்கத்தில் விட்டார். பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதல் செய்த நூலகங்களுக்கு 1791-இல் அட்டவணை எழுதச் சொன்னபோதும் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதச் சொன்னார்கள். நீளமான தலைப்புகளுக்கு ஏஸையும் இரண்டையும் ஒதுக்கி வைக்கும்படி குறிப்பு. அவற்றின் முகப்பிலும் வெற்றிடம் அதிகம் அல்லவா.

எனவே கிழிந்த, ஓரம் மடங்கிய ஒற்றைச் சீட்டு ஒன்று வந்து அதில் யாரோ கடன் கணக்கோ அழைப்போ எழுதியிருந்தால், பக்கத்தில் 52-ம் குறையாத புத்தம் புதுக் கட்டு இருந்தாலும் ஒற்றைச் சீட்டைத்தான் எடுக்க வேண்டும். ஊர்க் கடையோ ஆலையோ தன் விளம்பரத்தைப் பின்பக்கம் அச்சடித்த கட்டுக்கும் அதே மரியாதை. மற்ற கட்டுகளைப் படம் எடுத்து, இஸ்பேட் ஏஸையும் வரி வில்லையையும் குறித்துக்கொண்டு, உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சீட்டுத் தாங்கி

இப்போது யாரும் சீண்டாத மரத்துண்டுக்கு வருவோம். அடிப்படையில் அது ஒரு நீளமான கட்டை. மேல்முகத்தில் சற்றுப் பின்னால் சாய்ந்தபடி ஒரு பள்ளம். பதின்மூன்று சீட்டை ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறியபடி நிறுத்தலாம். சிலது நேராக இருக்கும், சிலது வில்லாக வளைந்திருக்கும். வளைந்ததே நல்ல வடிவம். கையில் விசிறி போலப் பிடித்த அமைப்பு கிடைக்கிறது, பக்கத்து ஆட்டக்காரர் கண்ணிலும் எளிதில் படாது. இன்னொரு வகை, நடுவில் இறுக்கிய இரண்டு வட்டத் தகடுகள். இடையில் சீட்டைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு கை போதும்.

இந்தப் பொருள் ஏன் உண்டானது என்று யோசித்தாலே அதன் மதிப்பு புரியும். சீட்டு விளையாட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் விசிறி, இன்னொரு கையால் எடுத்துப் போடுவது. போரிலோ ஆலையிலோ ஒரு கையை இழந்தவர், மூட்டுவாதத்தில் விரல் மடங்காதவர், பக்கவாதம் வந்தவர், கை நடுங்கும் முதியவர், உள்ளங்கை சிறிய குழந்தை, இவர்கள் ஆட்டத்தை விட்டு எழுந்துபோகாமல் இருக்கச் செய்ததுதான் தாங்கி. யாரோ ஒருவர் அவரை ஆட்டத்தில் வைத்துக்கொள்ள விரும்பியிருக்கிறார். உடல் ஊனத்தோடு வாழ்ந்த சாதாரண மனிதர்களின் தினசரி வாழ்க்கையைக் காட்டும் பொருள்கள் உள்ளூர்ச் சேகரிப்புகளுக்கு அரிதாகத்தான் வந்து சேர்கின்றன. மருத்துவமனைப் பதிவில் அவர் நோயாளி. இங்கே அவர் ஆட்டக்காரர். எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமாகப் படுகிறது.

தாங்கியின் பலவீனம் வெளிப்படையானது: தேதி கிடையாது, பெயர் கிடையாது. ஆனால் உற்றுப் பார்த்தால் வாய் திறக்கும். திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட திருகாணி இருந்தால் அது 1930-களின் நடுவுக்குப் பிந்தையது, பின்னால் மாற்றியிருந்தால் தவிர. சாயாமல் இருக்க அடியில் ஈயப் பட்டை வைத்திருக்கிறார்களா? மேசையில் கீறல் விழாமல் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறார்களா? பள்ளத்தின் கோடு நடுவில் கொஞ்சம் கோணிப்போயிருந்தால் அது கைரம்பத்தில் அறுத்தது, அதாவது வீட்டிலோ உள்ளூர்ப் பட்டறையிலோ செய்தது. பள்ளத்தின் உதட்டில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், அந்த ஆள் எந்தப் பக்கத்திலிருந்து சீட்டை உருவினார் என்று தெரிந்துவிடுகிறது. உள்ளே கறுத்துப் படிந்திருக்கும் அழுக்கு, சீட்டின் விளிம்புகளிலிருந்து வந்தது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய யாரையும் விடாதீர்கள்.

தொழிற்சாலைத் தாங்கி, வீட்டில் செய்த தாங்கி இரண்டும் வந்தால் எதை வைப்பது? தயங்காமல் வீட்டில் செய்ததை. தொழிற்சாலைப் பிளாஸ்டிக் தகடு எல்லா ஊரிலும் ஒன்றுதான். இன்னும் ஒரு படி மேலே, தேய்க்கும் பிரஷ்ஷைக் கவிழ்த்து வைத்து முடிகளுக்கு நடுவே சீட்டைச் செருகும் வழக்கமும் உண்டு. ஒரு கை உள்ளவர்களுக்கான பயிற்சிகளில் இன்றைக்கும் சொல்லித் தருகிறார்கள். அப்படிப்பட்ட பிரஷ் ஒன்று வந்தால், அது சீட்டாட்டப் பொருள் என்று சொல்லும் ஆள் ஒருவர் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் அது வெறும் பிரஷ்தான். இதனால்தான் தாங்கியைப் பொறுத்தவரை நான் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: யாருடைய கை, என்ன ஆயிற்று, யார் செய்து கொடுத்தது, எந்த ஆட்டம், யாரோடு. இந்தக் கேள்விகளைக் கொடுக்க வந்தவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதிவிட வேண்டும். பதில் கிடைக்காத தாங்கி தன் முதலிடத்தை இழக்கிறது.

புள்ளி குறிக்கும் பொருள்கள்

இவை நடுவில் நிற்கின்றன. அழகில் முதலிடம் என்றுகூடச் சொல்லலாம். இவற்றின் சிறப்பு, எந்த ஆட்டம் ஆடினார்கள் என்பதை இவையே சொல்லிவிடும். சீட்டுக்கட்டு அதைச் சொல்லாது, ஒரே கட்டில் எத்தனையோ ஆட்டம் ஆடலாம். ஆனால் பலகையில் இரண்டு வரிசைத் துளைகள், சிறு ஆணிகள், 61 அல்லது 121 என்ற கணக்கு என்றால் அது கிரிபேஜ். சின்ன மடக்குத் துண்டுகள் வைத்து ஐந்து, பத்து என்று நிற்கும் தகடு விஸ்ட்டுக்கு. முள் சுழலும் வட்டத்தில் நூறுகளும் ஆயிரமும் இருந்தால் பெசிக், 1860-களில் இங்கிலாந்தில் பரவிய ஆட்டம். அப்போது பெட்டியோடு சேர்த்தே விற்றார்கள்.

ஸ்விட்சர்லாந்தின் யாஸ் என்னும் சீட்டாட்டத்துக்கான கற்பலகையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு அணிக்கும் பலகையில் ஒவ்வொரு பெரிய இசட் வடிவக் கோடு இருக்கும். மேல் கோட்டில் நூறுகள், குறுக்குக் கோட்டில் ஐம்பதுகள், கீழ்க் கோட்டில் இருபதுகள். சாக்குக்கட்டியால் குட்டிக் குட்டிக் கோடு போட்டுக்கொண்டே போகலாம், மிச்சத்தை எண்ணாக எழுதலாம். கணக்கு எழுதத் தடுமாறுகிறவரும் எண்ணிக்கையைப் பார்த்துவிட முடிகிற அளவுக்குத் தெளிவான ஏற்பாடு அது.

பணக்கார வீடுகளிலிருந்து வரும், புள்ளி எண்ணப் பயன்பட்ட முத்துச்சிப்பி வில்லைகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சீனாவின் கேன்டனில் செதுக்கி ஏற்றுமதி செய்தவை, மீன் வடிவத்தில்கூட வரும். குடும்ப முத்திரை பொறித்திருப்பதால் ஊரோடு தொடர்பு உறுதி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஓவியங்கள், கடிதங்கள், கல்லறைக் கல்வெட்டு எல்லாம் இருக்கும். இன்னொரு சாட்சி கட்டாயம் இல்லை.

எல்லாவற்றையும் விட நான் விரும்புவது பலரும் கொண்டுவந்து கொடுக்கத் தயங்கும் ஒன்று: எழுதி முடித்த புள்ளிக் காகிதக் கட்டு. 1925-இல் ஹெரால்ட் வான்டர்பில்ட் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்னும் ஜோடி ஆட்டம் பரவியபின் இந்தக் காகிதங்கள் வீடுகளில் குவிந்தன. அதில் தேதி இருக்கும், பெயரெழுத்துகள் இருக்கும், யார் யாரோடு ஜோடி சேர்ந்தார் என்பது இருக்கும். கொடுப்பவர் குப்பை என்று நினைத்துத் தனியே எடுத்துப் போடும் முன் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீட்டை நேராக்க அழுத்தி வைக்கும் மரப் பெட்டி, பூட்டு வைத்த பெட்டி எல்லாம் இடத்தை அடைப்பவை. கட்டோடு பிறந்த பெட்டி மட்டும் வேறு. கஞ்சிஃபா என்னும் வட்டச் சீட்டுகளுக்கு நகரும் மூடி போட்ட வண்ணப் பெட்டி உண்டு. தசாவதாரக் கட்டில் 120 சீட்டு, முகலாயக் கட்டில் 96. பெட்டியையும் சீட்டையும் பிரித்தால் இரண்டும் பாதியாகிவிடும்.

பராமரிப்பில் யார் லேசு

இங்கேயும் தாங்கிக்கே வெற்றி. மரப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, சில வாரம் தனியே வைத்திருந்துவிட்டு அலமாரியில் ஏற்றினால் போதும். சீட்டுக்கு வெளிச்சம் ஆகாது, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் 50-க்கு மேல் போகக் கூடாது. ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் கறையாகி ஒட்டிக்கொள்ளும், பிவிசி பிளாஸ்டிக் உறையும் கெடுதல்தான். பாலியெஸ்டர் உறை பரவாயில்லை. விஸ்ட் தகடுகளில் தந்தம் இருந்தால் சட்டம் குறுக்கே வரும், வாங்குவதற்கும் நாடு விட்டு அனுப்புவதற்கும். தந்தம் போலத் தெரிவது செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் அது வேறு தலைவலி. கற்பூர வாசனை காட்டிக்கொடுக்கும். அது சிதையும்போது வரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் காகிதத்தையும் உலோகத்தையும் அரிக்கும், தீயும் எளிதில் பற்றும். காற்றோட்டமான தனி இடம் கொடுக்க முடியாத சேகரிப்பு அதை ஏற்காமல் இருப்பதே நல்லது.

காட்சிக்கு வைக்கும்போது ஒரு வேண்டுகோள். தாங்கியை வெறுமையாக வைத்தால் பார்ப்பவருக்கு அது என்னவென்றே புரியாது. அதற்காக மூலச் சீட்டுகளையே பள்ளத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் அவை வளைந்துவிடும். இன்றைய சீட்டுகளை வைத்து, இவை புதியவை என்று குறிப்பில் எழுதிவிடலாம். ஆட்டக்காரர் உட்காரும் பக்கம் பார்வையாளரை நோக்கி இருக்கட்டும், பதின்மூன்று சீட்டும் முகம் காட்டும்படி. பக்கத்தில் அந்தக் கை யாருடையது என்ற இரண்டு வரி.