பெல்ட் வண்டியா, செயின் வண்டியா? பழைய டஸ்டரும் ஸ்விஃப்ட் டீசலும்

பழைய டீசல் கார் தேடுகிறவர்கள் பலர் கடைசியில் ரெனோ டஸ்டர், மாருதி ஸ்விஃப்ட் இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது இரண்டின் டீசல் எஞ்சினும் நின்றுபோனது. ஆகவே இப்போது விற்பனைக்கு வரும் எந்த வண்டியும் ஐந்து வயதைத் தாண்டியதுதான். அந்த வயதில் மைலேஜும் நிறமும் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: டைமிங் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக ஓட்டும் பெல்ட் அல்லது செயின்), ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு). இவற்றில் எது போனாலும் ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது.

டஸ்டரில் இருப்பது ரெனோவின் 1461 சிசி கே9கே எஞ்சின். 2012 முதல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான வண்டி அது. நிசான் சன்னி, டெரானோ, மஹிந்திரா வெரிட்டோ டீசல்களிலும் இதே எஞ்சின்தான். இதில் டைமிங் பெல்ட். ஸ்விஃப்டில் ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட். டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ எல்லாவற்றிலும் ஓடியது இதுதான். இதில் டைமிங் செயின்.

"செயின் வண்டி வாங்குங்க, ஆயுசுக்கும் கவலையில்லை" என்று தரகர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை.

பெல்ட்டோ செயினோ, வேலை ஒன்றுதான். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும், அந்தக் கணக்கு ஒரு பல் கூடத் தவறக் கூடாது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடி இருக்கும். ஓடும் வேகத்தில் கிராங்க் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் பிஸ்டன் போய் அவற்றில் இடிக்கும். வால்வுகள் வளையும், சில நேரம் பிஸ்டனும் அடிபடும்.

பெல்ட்டின் மோசமான குணம், அது பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பர். பல் வெடித்திருந்தாலும் வெளியே தெரியாது, அறுவதற்கு ஐந்து நிமிடம் முன்புவரை வண்டி அருமையாக ஓடும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று கையேடு சொல்கிறது. கிலோமீட்டரை எல்லோரும் நினைவில் வைப்பார்கள், வருடத்தை விட்டுவிடுவார்கள். 2013 டஸ்டர் 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ரப்பருக்கும் பத்து வயது தாண்டிவிட்டது என்று பொருள்.

செயினுக்குக் கெடு தேதி இல்லை, அதனால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மல்டிஜெட்டில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. எஞ்சினுக்குள் போகும் ஆயிலே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். அரை லிட்டர் குறைந்தாலும் அது பெரிய குறைவு. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால் கண்ணிகளின் பின்கள் தேய்ந்து செயின் நீளும். நீண்ட செயின் ஒரு நாள் பல் தாண்டும். அப்போது முடிவு பெல்ட் அறுந்ததற்கு வேறானதல்ல. ஒரே நல்ல விஷயம், செயின் சத்தம் போடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் கடகடவென்று கேட்டால் அதை டீசல் சத்தம் என்று ஒதுக்கக் கூடாது. மாற்றுவதும் சின்ன வேலையில்லை: அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பையும் முன்பக்க மூடியையும் கழற்ற வேண்டும்.

ஆகவே என் தேர்வு எஞ்சினைப் பார்த்து அல்ல, காகிதத்தைப் பார்த்து. பெல்ட் கிட் மாற்றிய பில்லோடு வரும் டஸ்டரை, ஆயில் மாற்றிய விவரமே இல்லாத ஸ்விஃப்டைவிட நம்பி வாங்குவேன். ஒழுங்காக ஆயில் மாற்றிய பதிவுகள் தொடர்ச்சியாக இருந்தால் ஸ்விஃப்ட்தான் முதலில்.

ஹெட் கேஸ்கெட் கதை வேறு. இந்த இரண்டு எஞ்சினும் கேஸ்கெட்டுக்குப் பேர் கெட்டவை அல்ல. இவற்றில் அது போவது பெரும்பாலும் வண்டி ஹீட் ஆனதால். இரண்டிலும் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும். அளவு மீறினால் ஹெட் வளைந்து, நடுவே இருக்கும் கேஸ்கெட் பிடி விட்டுவிடும்.

இங்கேதான் டஸ்டரில் இரண்டு கோளாறும் ஒன்றோடொன்று சேர்கின்றன. கே9கே எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் டைமிங் பெல்ட்தான். பம்ப் பேரிங் போனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசியும், எஞ்சின் ஹீட் ஆகும். பேரிங் இறுகினால் பெல்ட்டே போய்விடும். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு பம்ப்பை விட்டுவைத்தால் அது பாதி வேலை. மல்டிஜெட்டில் பம்ப் வெளியே இருக்கும் பெல்ட்டில் ஓடுகிறது, அந்த வகையில் ஸ்விஃப்டுக்கு ஒரு கவலை குறைவு.

இரண்டு வண்டியிலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். எஞ்சின் ஆறிய நிலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி போல இருந்தால் சந்தேகம்தான், ஆனால் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் லேசாக அப்படி ஆவதும் உண்டு. கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழ் வருவதும், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் அதைவிட வலுவான சான்று. டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள்: கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், அது காட்டுவது உண்மையான சூடாக இருக்காது.

கேஸ்கெட் போன வண்டியைக் கசிவு அடைக்கும் திரவம் ஊற்றி விற்பவர்கள் உண்டு. சரியான வேலை என்றால் ஹெட்டை இறக்கி, வளைவை அளந்து, அளவு மீறி வளைந்திருந்தால் சரிசெய்து அல்லது மாற்றி, பிரஷர் டெஸ்ட் பார்த்து, புது போல்ட் போட்டு, கோணக் கணக்கில் இறுக்க வேண்டும்.

வடிவமைப்பாலேயே கேஸ்கெட் போகும் எஞ்சின்களும் உண்டு. பிரிட்டனில் 1988-இல் வந்த ரோவர் கே-சீரிஸ் அப்படிப் பேர் வாங்கியது. அதில் சூட்டுக்கேற்பக் கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், கூலன்ட் எஞ்சினுக்குள் நுழையும் பக்கம் இருந்தது. அது திறந்ததும் குளிர்ந்த கூலன்ட் சட்டென்று உள்ளே போய், சூடான உலோகத்துக்கு அதிர்ச்சி கொடுத்தது. பின்னாளில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் வந்தது. அதுவும் டைமிங் பெல்ட் எஞ்சின்தான். அப்படிப்பட்ட வண்டியிலும் டஸ்டரிலும் எந்தக் காரணத்துக்காக ஹெட்டை இறக்கினாலும் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய பழைய பெல்ட்டையே திரும்ப மாட்ட விடாதீர்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் புதிதாகப் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள்.