பாத்தியில் ஏணி சாத்துகிற ஆட்களைக் கூரையில் ஏற்றாதீர்கள்

குமரி மாவட்டத்தில் திருவட்டார், குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் ஓட்டு வீடோ மாடிக்கு மேல் ஷீட் போட்ட வீடோ வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையையும், கூரைத் தண்ணீரை வாங்குகிற பாத்தியையும் சுத்தம் பண்ண ஆள் தேடுகிற நேரம் இது. எங்கள் அம்மா வீட்டில் ஒரு கும்பல் செய்துவிட்டுப் போன காரியம் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

அம்மா வீடு தாத்தா கட்டிய ஓட்டு வீடு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகி புயலில் மாமரக் கொம்பு முறிந்து கூரைமேல் விழுந்தது. ஓடு மாற்றிய கையோடு, இறவாணத்து (கூரையின் கீழ் விளிம்பு) ஓரம் முழுக்க வெள்ளை பிவிசி பாத்தியும் போட்டோம். கூரைத் தண்ணீரை வாங்கிக் குழாய் வழியாகக் கிணற்றடிப் பக்கம் இறக்கிவிடும் பாத்தி. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளை. மார்கழி, தையில் இலை உதிர ஆரம்பித்தால் பாத்தி நிறைந்துவிடும். இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் அதை வாரிவிடவில்லை என்றால் தண்ணீர் வழிந்து சுவரில்தான் இறங்கும். நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பாத்தியின் அருமை அவ்வளவாகத் தெரியாது.

வைகாசியில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. ஓடு மாற்றுதல், பாத்தி சுத்தம், கூரைக்குப் பெயிண்ட், எல்லாம் செய்து தருவோம், அனுபவமுள்ள பணியாளர்கள் என்று போட்டிருந்தார்கள். பேர் இங்கே வேண்டாம். கூப்பிட்டுப் பேசினேன். பாத்தி வாரி, உடைந்த ஓடு மாற்றி, குழாய் அடைப்பு எடுக்க 6,500 ரூபாய் என்று முடிவானது. முன்பணம் 3,000 கூகுள் பேயில் போட்டேன்.

வந்தது இரண்டு பேர். பொறுப்பாள் ஒருவர், அவரோடு இருபது வயதுகூட இருக்காத ஒரு பையன். கொண்டுவந்தது நீட்டி மடக்குகிற அலுமினிய ஏணி ஒன்று. நேராக முன்வாசலுக்கு வந்து, பாத்தியைப் பிடித்திருக்கிற இரண்டு கிளாம்புக்கு நடுவில், பாத்தியின் உதட்டில் ஏணியைச் சாத்தினார்கள். நான் அப்போதே கேட்டேன்.

"அண்ணே, பாத்தி ஒடஞ்சிராதா? வேற எங்கயாவது சாத்தக் கூடாதா?"

"நாங்க டெய்லி இதுலதான் ஏறுதோம் அக்கா. இதெல்லாம் நல்லா தாங்கும். நீங்க உள்ள போய் வேலையப் பாருங்க."

பையன் ஏறினான். காலில் ரப்பர் செருப்பு. ஏணியை யாரும் பிடிக்கவில்லை, மேலே கயிறும் கட்டவில்லை. பொறுப்பாள் போன் பேசிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். பையன் இடப்பக்கம் எட்டி இலையை வாரினபோது பாத்தியின் வழுவழுப்பில் ஏணியின் தலை ஒரு சாண் அளவு சர்ரென்று பக்கவாட்டில் ஓடியது. கூடவே 'படக்' என்று ஒரு சத்தம். பையன் ஓட்டு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அம்மா ஓடிப்போய் ஏணிக்காலைக் கட்டிப் பிடித்தாள். எழுபது தாண்டிய மனுஷி. அந்தப் பையனின் முகம் வெளுத்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அவன் விழுந்திருந்தால் கீழே இருந்தது துணி துவைக்கிற கல்.

சத்தம் என்னவென்று பொறுப்பாளிடம் கேட்டபோது, ஏணி பூட்டு விழுந்த சத்தம் என்றார். நான் அடுக்களைக்குப் போய் சாயா போட்டு எடுத்து வருவதற்குள் மேலே ஏதோ பூசிக்கொண்டிருந்தார்கள். "ஜாயிண்ட் லூஸா இருந்துது, ஃப்ரீயா சிலிக்கான் போட்டிருக்கோம்" என்று சொல்லி மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் பெருமழை ராத்திரியில் வந்தது. முன்திண்ணைச் சுவரில், மீட்டர் பெட்டிக்கு நேர் மேலே, தண்ணீர் தாரையாக இறங்கியது. மெயினை அணைத்துவிட்டு விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். காலையில் அவர்களைக் கூப்பிட்டால், "அது பழைய பாத்தி அக்கா, வெயில்ல காஞ்சு முன்னமே கீறியிருக்கும். முழுசா மாத்தணும், 18,000 ஆகும்" என்கிறார்கள். சுத்தம் பண்ண வந்தவர்கள் உடைத்துவிட்டு, உடைந்ததை மாற்றக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். போட்டோ அனுப்பினேன். அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

பக்கத்து விளையில் இருக்கிற ஆசாரி மாமாதான் வந்து பார்த்தார். அவர் காட்டியதை இங்கே விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இதைத்தான் தேட வேண்டும். பாத்தியின் வெளி உதட்டில் பிறை மாதிரி இரண்டு கீறல். இரண்டுக்கும் இடையில் டேப் வைத்துப் பார்த்தால் ஒன்றேகால் அடி. ஏணிக் கால்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கிற அதே அகலம். கீறலைச் சுற்றி வெள்ளை பிவிசியில் சாம்பல் நிறத் தேய்ப்பு, பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு. அது அலுமினியம் உரசின தடம். ஏணி வழுக்கின நீளமும் அதுவேதான். கீறலுக்கு மேல் புது சிலிக்கான் பூசி, அது தெரியாமலிருக்க மண்ணைத் தடவியிருந்தார்கள். இரண்டு கிளாம்பு ஓரப்பலகையிலிருந்து ஸ்குரூவோடு பிடுங்கி வந்து வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கிளாம்பு விட்ட இடத்தில் பாத்தி தொய்ந்து, குழாய்ப் பக்கம் ஓட வேண்டிய தண்ணீர் நடுவிலேயே தேங்கி, பின்பக்கமாக ஓரப்பலகைக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. "மக்களே, இது வெயில்ல கீறினது இல்ல. வெயில்ல போனா நீளத்துக்கு வெடிக்கும், இப்படி ரெண்டு எடத்துல மட்டும் அமுங்காது" என்றார்.

வேலை தொடங்குமுன் சவுதியில் இருக்கிற தம்பிக்கு அனுப்ப நான் எடுத்த படத்தில் அதே இடம் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது.

பாத்தி தண்ணீரைத் தாங்கச் செய்த பொருள். மனுஷன் பாரத்தைத் தாங்கச் செய்தது இல்லை. சாய்த்து வைத்த ஏணியில் ஆள் மேலே போகப் போக, ஏணியின் தலை பாத்தியை உள்பக்கமாகத் தள்ளும். 70 கிலோ ஆள் உச்சிக்குப் பக்கத்தில் நின்றால், சரியான சாய்வில் வைத்த ஏணியிலேயே அந்தத் தள்ளல் 18, 19 கிலோ வரும். ஏணியின் அடியை இன்னும் வெளியே இழுத்து வைத்தால் அதுவே 40 கிலோ வரைக்கும் போகும். அத்தனையும் இறங்குவது இரண்டே புள்ளியில், மெல்லிய பிவிசி உதட்டின் மேல். ஆள் அசையும்போது வருகிற குலுக்கம் தனி. தகரப் பாத்தி என்றால் நசுங்கும், பிவிசி என்றால் கீறும், இரண்டிலும் கிளாம்பு பிடுங்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, உதடு வழுக்கும் என்பது. பாத்தி போனால் பணத்தோடு போகும். அன்றைக்கு அந்தப் பையன் தப்பியது அவன் அதிர்ஷ்டம்.

ஆசாரி மாமா சரிபண்ண வந்தபோது எப்படி ஏறினார் என்பதையும் பார்த்தேன். அவர் கொண்டுவந்தது தானாக நிற்கிற ஏ டைப் ஏணி. பத்தடி உயரத்து இறவாணத்துக்கு அதுவே போதும், எதிலும் சாத்த வேண்டாம், பாத்தியைத் தொடவே வேண்டாம். மழையில் இளகின செம்மண்ணில் ஏணிக்கால் புதையும் என்று கீழே அகலப் பலகை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். கை எட்டாத இடத்துக்கு எட்டி எட்டி வாரவில்லை. ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏணியை நகர்த்தினார். நேரம் ஆனது, ஆகட்டும்.

சாய்க்கிற ஏணிதான் வேண்டும் என்கிற உயரமான வீடுகளும் இருக்கின்றன. அதற்கும் வழி உண்டு. ஏணித் தலையில் மாட்டுகிற அகலக் கைகள் கடையில் கிடைக்கின்றன. ஏணியைப் பாத்தியிலிருந்து விலக்கி, பாரத்தைச் சுவரில் இறக்கும். கை சுவரை எட்டாத அளவுக்கு இறவாணம் நீண்டிருந்தால் அது ஒத்து வராது. அப்போது பாத்தி இல்லாத பக்கவாட்டு முகப்பில் ஏணி போட வேண்டும், இல்லையென்றால் சாரம் கட்ட வேண்டும். பாத்திக்குள் மரக்கட்டையை அளவாக வெட்டி வைத்து அதன் மேல் சாத்துகிறவர்களும் உண்டு. தகரப் பாத்தி நசுங்காமல் இருக்க அது கொஞ்சம் உதவும், ஆனால் பாரம் கிளாம்பில்தான் போகிறது. வெயில் தின்ன பழைய பிவிசிக்கு அதையும் அனுமதிக்காதீர்கள்.

சாய்வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி. ஏணி 12 அடியில் சாய்கிறது என்றால் அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். டேப் இல்லாமலும் பார்த்துவிடலாம்: ஏணிக்காலில் கால் பெருவிரலை ஒட்டி நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டினால் உள்ளங்கை படியைத் தொட வேண்டும். கூரைமேல் இறங்கி வேலை செய்வதானால் ஏணி விளிம்புக்கு மேல் 3 அடியாவது நீண்டு நிற்க வேண்டும், அப்போதுதான் ஏறவும் இறங்கவும் பிடிக்க ஒன்று இருக்கும். மேலே உறுதியான இடத்தில் கயிறு கட்ட வேண்டும். கட்டி முடிக்கிற வரைக்கும் கீழே ஓர் ஆள் பிடிக்க வேண்டும்.

கரண்டு விஷயத்தை நம் ஊரில் யாரும் பார்ப்பதே இல்லை. போஸ்டிலிருந்து வருகிற சர்வீஸ் வயர் பெரும்பாலும் இறவாணத்துப் பக்கமாகத்தான் வீட்டுக்குள் இறங்குகிறது. அலுமினிய ஏணியில் மின்சாரம் பாயும். வயரிலிருந்து பத்தடி விலகி ஏணி போட முடியவில்லை என்றால், மின்வாரியத்தில் சொல்லி லைனை அணைத்த பிறகுதான் வேலை. எங்கள் வீட்டில் அவர்கள் ஏணியை நீட்டி நிமிர்த்தினபோது வயருக்கும் ஏணிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அம்மா கத்தின பிறகுதான் திருப்பினார்கள்.

ஆள் கூப்பிடும்போதே போனில், "ஏணியை எங்கே சாத்துவீங்க?" என்று கேளுங்கள். பதில் "பாத்தியிலதான்" என்றால் அத்தோடு போனை வைத்துவிடுங்கள். வேலைக்கு முன்னால் பாத்தி முழுவதையும் மெதுவாக வீடியோ எடுங்கள். முடிந்ததும், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு குடம் தண்ணீரைப் பாத்தியின் மேல்முனையில் ஊற்றிக் குழாய் வழியாக வருகிறதா என்று பாருங்கள். நடுவில் நின்றாலோ பின்னால் கசிந்தாலோ பணத்தை நிறுத்துங்கள். "ஃப்ரீயா" சிலிக்கான் பூசினேன் என்று யாராவது சொன்னால், எதன் மேல் பூசினார் என்று நம்பிக்கையான வேறொருவரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பணம் போன விவரம், வாட்ஸ்அப் பேச்சு, முன்னும் பின்னும் எடுத்த படம், இதெல்லாம் ஆதாரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம்.

நான் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். ஆணையத்துக்கான மனுவும் எழுதி வைத்திருக்கிறேன், ஆசாரி மாமா தாம் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். அதே விளம்பரம் போன வாரம் வேறு நம்பரில் மறுபடியும் குரூப்பில் வந்திருக்கிறது. பாத்தியில் பிறைக் கீறல் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், சிலிக்கானைச் சுரண்டுவதற்கு முன்னால் படம் எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.