300 வோல்ட் மீட்டருக்கு 1000 வோல்ட் சான்றிதழ்: கேலிப்ரேஷனுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் பழைய அளவீட்டுக் கருவிகளை வாங்கி, பழுதுபார்த்து, சேர்த்து வைக்கும் நம்மவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் இருக்கும் எல்லாருமே என்றாவது ஒரு நாள் ஒரு மீட்டரைக் கேலிப்ரேஷனுக்கு, அதாவது அது காட்டும் அளவு சரிதானா என்று ஆய்வகத்தில் அளந்து பார்க்க, கொடுக்கத்தான் போகிறோம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. நான் கொடுத்த கடையில் கருவியைச் சரிசெய்யாமலேயே பணத்தை வாங்கிக்கொண்டு, சரிசெய்ததாகச் சான்றிதழ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஊகத்தில் சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருக்கிறேன். விவகாரம் நடுவர் மன்றத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

கருவி எச்பி 3478ஏ, 1980களில் வந்த ஐந்தரை இலக்க மேசை மல்டிமீட்டர், வோல்ட்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளப்பது. இதை வைத்திருப்பவர்களுக்கு அதன் பலவீனம் தெரியும். டிசி வோல்ட்டேஜைச் சரிசெய்ய உள்ளே திருகு எதுவும் கிடையாது. திருத்த எண்கள் எல்லாம் ஒரு சிறிய மெமரியில் இருக்கின்றன. அந்த மெமரியை உயிரோடு வைத்திருப்பது போர்டில் சால்டர் செய்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி செத்தால் எண்களும் போச்சு. அப்புறம் தரமான மூலக் கருவிகளை வைத்து எல்லா ரேஞ்சையும், அதாவது ஒவ்வொரு அளவு வரம்பையும், முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும், அது வீட்டில் ஆகிற வேலை இல்லை. அதனால்தான் இந்த மீட்டர் கைக்கு வந்ததும் கருவியைக் கணினியோடு இணைக்கும் ஜிபிஐபி வழியாக மெமரியைப் படித்து கணினியில் சேமித்துவிடுவோம். பேட்டரியை மாற்றும்போது வெளியிலிருந்து 3 வோல்ட் கொடுத்துக்கொண்டே மாற்றுவோம்.

என்னிடம் ஏடி584 சிப் வைத்த ஒரு 10 வோல்ட் ரெஃபரன்ஸ் போர்டு, அதாவது மாறாமல் 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருக்கும் சிறிய போர்டு, இருக்கிறது. மீட்டர் நாளுக்கு நாள் நகர்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் மீட்டர் காட்டுவது உண்மையான 10 வோல்ட்தானா என்று சொல்ல அது போதாது. அதைச் சொல்ல ஒரு ஆய்வகம் வேண்டும். பேட்டரியையும் அங்கேயே மாற்றச் சொன்னேன். மாற்றும்போது எண்கள் அழிந்தாலும் கையோடு சரிசெய்துவிடலாம் அல்லவா?

கொடுப்பதற்கு முன் மெமரியைப் படித்து வைத்தேன், மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் படம் எடுத்தேன், ரெஃபரன்ஸ் போர்டை மாட்டி அளவைக் குறித்தேன். யார் மேலும் சந்தேகப்பட்டு இல்லை. பழைய கருவி ஒன்று வீட்டை விட்டு வெளியே போனால் நான் எப்போதும் செய்வதுதான்.

கடை கிழக்குப் பகுதியில், ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் நம்ம பையன்தான். மரியாதையாகப் பேசினார். "கவலையே படாதீங்கண்ணே, எல்லாம் ஐஎஸ்ஓ முறைப்படிதான். பேட்டரியை மாத்தி, ரேஞ்ச் எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணி, சர்ட்டிபிகேட்டோட தர்றோம்" என்றார். கேலிப்ரேஷனுக்கு 220 வெள்ளி, பேட்டரிக்கு 28 வெள்ளி. முன்பணமாக முழுத்தொகையும் பேநவ்வில் கட்டினேன்.

மீட்டர் திரும்பி வந்தபோது முகப்பில் புது ஸ்டிக்கர், கூடவே அழகாக அச்சடித்த சான்றிதழ். அதில் ஒவ்வொரு ரேஞ்சுக்கும் இரண்டு எண்கள், சரிசெய்வதற்கு முன் என்ன, பின் என்ன என்று. 10 வோல்ட்டுக்கு முன்னால் 9.9961, பின்னால் 10.0000. வீட்டுக்கு வந்து ரெஃபரன்ஸ் போர்டை மாட்டினேன். கொடுப்பதற்கு முன் காட்டிய அதே எண்ணைத்தான் காட்டியது, கடைசி இலக்கத்தில் மட்டும் லேசான ஆட்டம். சான்றிதழ் உண்மையாக இருந்திருந்தால் கடைசி இலக்கத்தில் 39 எண்ணிக்கை நகர்ந்திருக்க வேண்டும். அறையின் சூட்டிலும் போர்டு கொஞ்சம் நகரும்தான், ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் சரியாக ஈடுகட்டி அதே எண்ணில் நிற்க வைக்காது.

உடனே மெமரியைப் படித்து, முன்பு சேமித்ததோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கேலிப்ரேஷன் வேறு, அட்ஜஸ்ட்மெண்ட் வேறு. கேலிப்ரேஷன் என்றால் அளந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பது. நல்ல ஆய்வகம்கூட மீட்டர் அனுமதித்த பிழை வரம்புக்குள் இருந்தால் எதையும் மாற்றாமல் திருப்பித் தரும். அப்போதும் மெமரி மாறாமல்தான் இருக்கும், அதில் தவறே இல்லை. அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் 220 வெள்ளியை மனநிறைவோடு கொடுத்திருப்பேன். ஆனால் இவர்கள் மாற்றியதாக எழுதியிருக்கிறார்கள். இந்த மாடலில் டிசி ரேஞ்சை மாற்ற ஒரே வழிதான் உண்டு: முகப்பில் இருக்கும் கேலிப்ரேஷன் சுவிட்சைத் திருப்பி, புது எண்ணை மெமரியில் எழுத வேண்டும். மெமரி மாறவில்லை என்றால் மீட்டரும் மாறவில்லை.

மூடியைத் திறந்தேன். அதே பழைய பேட்டரி, அதே சால்டர். நான் எடுத்த படத்தில் அதன் பக்கத்தில் இருந்த தூசிகூட அப்படியே இருந்தது. 28 வெள்ளிக்கு பில் மட்டும் புதிது.

அதற்குப் பிறகுதான் சான்றிதழை வரி வரியாகப் படித்தேன். டிசி வோல்ட்டேஜ் பட்டியலின் கடைசி வரி: 1000 வோல்ட், சரிசெய்த பின் 999.98. எச்பி 3478ஏவின் மிகப் பெரிய ரேஞ்ச் 300 வோல்ட். அதற்கு மேல் அளக்க அதில் வழியே இல்லை. உண்மையிலேயே யாராவது 1000 வோல்ட்டைக் கொடுத்துப் பார்த்திருந்தால் என் மீட்டர் பிழைத்திருக்குமா என்பதே சந்தேகம். அதுவரை ஏமாற்றமாக மட்டும் இருந்தது, இந்த வரியைப் படித்ததும் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தது. யாரோ வேறு ஏதோ மீட்டருக்கு அடித்த பட்டியலில் என் சீரியல் நம்பரை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஈசூனில் இருக்கும் நண்பர் ஒருவரும் இதே கடையில் தன் மீட்டரைக் கொடுத்திருந்தார். அவருடையது வேறு கம்பெனி, வேறு மாடல். இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரிக்கு வரி, கடைசி இலக்கம் வரை ஒரே எண்கள். இரண்டு வேறு மீட்டர்கள் எல்லா ரேஞ்சிலும் அப்படி ஒத்துப்போகவே முடியாது. அவர் அந்த மீட்டரை நம்பித்தான் தன் பவர் சப்ளைகளையும் இன்னும் சில மீட்டர்களையும் சரிசெய்திருக்கிறார். இப்போது எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பொய் ஒரு காகிதத்தோடு நிற்பதில்லை. ஒரு மீட்டரை வைத்து அடுத்ததை, அதை வைத்து இன்னொன்றை என்றுதானே நாம் வேலை செய்கிறோம்.

கடைக்குப் போய் இரண்டு சான்றிதழையும் காட்டினேன். அந்தப் பையன் முகம் மாறாமல், "அது டெம்ப்ளேட் தப்புண்ணே. அந்த லைனை எடுத்துட்டு புதுசா அடிச்சுத் தர்றேன் லா" என்றார். மீட்டரை மறுபடி அளக்கிறேன் என்று சொல்லவில்லை, காகிதத்தை மறுபடி அடிக்கிறேன் என்றார். முதலாளியிடம் போனில் பேசினேன். "நீங்க ஹாபிக்குத்தானே வச்சிருக்கீங்க, கம்பெனி ஆடிட்டா வருது?" என்று கேட்டார். பொழுதுபோக்குக்குச் செய்பவனுக்கு உண்மையான அளவு தேவையில்லை என்று எந்தத் துணிச்சலில் ஒருவர் சொல்ல முடியும்? சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சிம் லிம் டவரில் உதிரிப்பாகம் தேடி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு கருவிக்கு உயிர் கொடுப்பவர்கள் நாங்கள். கடைசியில் முதலாளி பாதிப் பணம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

கேலிப்ரேஷனுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கடை அங்கீகாரம் பெற்றதா என்று சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். சிங்லாஸ் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களும், எந்தெந்த அளவுகளுக்கு அங்கீகாரம் என்பதும் அதில் இருக்கும். "ஐஎஸ்ஓ முறைப்படி" என்று வாயால் சொல்வதற்கும் ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி அங்கீகாரம் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தரத்தின்படி கொடுக்கும் கேலிப்ரேஷன் சான்றிதழில் அளவீட்டின் நிச்சயமின்மை, அதாவது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். என்னுடையதில் அந்தப் பத்தியே இல்லை. இன்னொன்று, வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளாமல் அடுத்த கேலிப்ரேஷன் தேதியைச் சான்றிதழிலோ ஸ்டிக்கரிலோ போடக்கூடாது. என்னை யாரும் கேட்கவில்லை, ஸ்டிக்கரில் தேதி பெரிதாக இருக்கிறது.

பழைய கருவி வாங்குபவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை மூடிய பிறகு நம்மில் பெரும்பாலோர் கரோசெல் இணையச் சந்தையில்தான் வாங்குகிறோம். "கேலிப்ரேட் செய்தது" என்ற ஒரு வார்த்தைக்காக விலை ஏறுகிறது. ஸ்டிக்கரைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழைக் கேளுங்கள், அதிலுள்ள ரேஞ்சுகள் அந்த மாடலில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று மேனுவலைத் திறந்து பாருங்கள்.

எனக்கு நடந்தது ஒரு சேவைக்கான ஒப்பந்தம் என்பதால் ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில், மனு போட முடிந்தது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. மனு போடுவது எல்லாம் இணையத்திலேயே முடிந்தது. மெமரியின் இரண்டு நகல்கள், உள்பக்கப் படங்கள், பில், மேனுவலில் ரேஞ்சுகள் இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பயனீட்டாளர் சங்கமான கேஸிடமும் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் கிழக்குப் பகுதிக் கடை ஒன்றின் சான்றிதழ் இருந்து, அதில் டிசி 1000 வோல்ட் வரியில் 999.98 என்று இருந்தால் தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள். பெயரையும் சீரியல் நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்பினாலும் போதும். விசாரணை நாளுக்கு முன் கிடைத்தால் என் மனுவோடு சேர்த்துவிடுவேன்.