விரல் ரேகையைப் பார்த்துப் பிள்ளையின் திறமையைச் சொல்லும் டிஎம்ஐடி: 5,500 ரூபாய் கட்டிப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியிலோ அபார்ட்மெண்ட்டிலோ யாராவது ஸ்கேனரோடு வந்து உட்கார்ந்து, பத்து விரல் ரேகையை வைத்துப் பிறவித் திறமையைச் சொல்கிறோம், டிஎம்ஐடி (டெர்மட்டோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்) என்று பெயர் என்றால் பணம் கட்டாதீர்கள். நாங்கள் கட்டினோம், 5,500 ரூபாய். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. திருச்சியில் இதையே செய்கிற இன்னும் இரண்டு இடங்களின் மாதிரி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன், அட்டையின் நிறம்தான் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

என் மகள் நாலாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். வந்திருந்த பெண் தன்மையாகப் பேசினார், குழந்தையும் பயப்படாமல் விரலை வைத்தாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு விரலையும் இடது பக்கம், நேராக, வலது பக்கம் என்று மூன்று தடவை எடுப்போம் என்று அவர்கள் கொடுத்த காகிதத்திலேயே போட்டிருந்தது, ஆனால் பின்னால் வரிசை நின்றதால் பல விரல்களுக்கு நேராக ஒன்று எடுத்ததோடு முடித்துவிட்டார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பத்து நாளில் 38 பக்க ரிப்போர்ட் வந்தது. கட்டை விரல் மூளையின் முன்பகுதியாம், நடுவிரல் இன்னொரு பகுதியாம், சுண்டு விரல் பின்பகுதியாம். இடது மூளை இத்தனை சதவீதம், வலது மூளை இத்தனை சதவீதம், எட்டு வகை அறிவுக்கு எட்டு மதிப்பெண், கழுகு, மயில், புறா, ஆந்தை என்று நான்கு பறவைகளில் இவள் புறா. கடைசி நான்கு பக்கம் எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்ற பட்டியல். அப்புறம் அரை மணி நேரக் கவுன்சலிங். அதில்தான் கவுன்சலர், என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "கணக்கு இவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான் மேடம், கலைப் பக்கம் கொண்டு போங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். "என் விரல்லயே அது இல்லையாம்மா"ன்னு கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

என் பெரியப்பா போலீஸில் விரல்ரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கவேயில்லை, "பாப்பா, கையைக் கழுவிட்டு வா" என்றார். ஸ்டாம்ப் பேட், வெள்ளைத் தாள், லென்ஸ். ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டி எடுத்தார். ஏன் உருட்ட வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பாட்டி காலத்தில் சங்கு, சக்கரம் என்பார்களே, அவற்றைத்தான் இவர்கள் லூப், வோர்ல் என்கிறார்கள். மூன்றாவது ஆர்ச், அதாவது வில். வரிகள் ஒரு பக்கம் நுழைந்து நடுவில் லேசாக மேடேறி மறுபக்கம் வெளியேறினால் ஆர்ச். நுழைந்த பக்கமே வளைந்து திரும்பினால் லூப். சுற்றிச் சுற்றி வந்தால் வோர்ல். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கண்ணால் நடுவைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, டெல்டாவை எண்ண வேண்டும் என்றார். டெல்டா என்பது மூன்று திசையிலிருந்து வரும் வரிகள் முக்கோணம் போலச் சந்திக்கும் இடம். சாதாரண ஆர்ச்சில் டெல்டா இருக்காது. லூப்பில் ஒன்று. வோர்ல் என்றால் குறைந்தது இரண்டு. அந்த இரண்டாவது டெல்டா பல பேருக்கு விரலின் ஓரத்தில், நகத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். விரலை நேராக வைத்து அழுத்தினால் அது பதியவே பதியாது, உருட்டினால்தான் கிடைக்கும்.

இதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. லூப் சுண்டு விரல் பக்கம் திறந்திருந்தால் அல்நர், கட்டை விரல் பக்கம் திறந்திருந்தால் ரேடியல். ரேடியல் குறைவுதான், வந்தால் பெரும்பாலும் ஆள்காட்டி விரலில்தான் வரும். வோர்லில் சாதாரணச் சக்கரம், நடுவில் மட்டும் சின்னச் சுழல் உள்ளது, இரண்டு லூப் ஒன்றையொன்று தழுவிக் கிடப்பது, எதிலும் சேராத கலப்பு என்று நான்கு. ஆர்ச்சில் சாதாரணம் ஒன்று, கூடாரம் போல நடுவில் குத்தி நிற்பது ஒன்று. மொத்தத்தில் நூற்றுக்கு 60 முதல் 65 விரல்கள் லூப், 30 முதல் 35 வோர்ல், ஆர்ச் ஐந்து போல. சுண்டு விரலில் பெரும்பாலானவர்களுக்கு அல்நர் லூப்தான். அப்படியானால் சுண்டு விரல் மூளையின் பின்பகுதியைக் காட்டுகிறது என்பது சரியாக இருந்தால், ஊரில் பாதிப் பேருக்கு மேல் ஒரே மாதிரிப் பின்பகுதியா? இதை நான் கவுன்சலரிடம் போனில் கேட்டேன், "சாஃப்ட்வேர் எல்லாம் கணக்கு போட்டுக்கும் மேடம்" என்றார்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். வலது கட்டை விரலை அல்நர் லூப் என்று போட்டிருந்தார்கள். பெரியப்பா உருட்டி எடுத்ததில் இரண்டு டெல்டா பளிச்சென்று தெரிந்தது, அது இரட்டை லூப், அதாவது வோர்ல் வகை. இடது ஆள்காட்டி விரலும் அல்நர் என்று இருந்தது, உண்மையில் ரேடியல், லூப் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதையே மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பத்தில் இரண்டு தப்பு. வலது மோதிர விரலும் இடது கட்டை விரலும் வோர்ல் என்றது சரி.

ஒரு விரல் தப்பானால் என்ன என்று கேட்டேன். பெரியப்பா ஒரு தாளில் எழுதிக் காட்டினார், அதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் வகைப்படுத்துவது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வலது கட்டை விரலில் தொடங்கி 1 முதல் 10 வரை விரல்களுக்கு எண். இரண்டு இரண்டாகச் சேர்த்து 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. வோர்ல் உள்ள விரலுக்கு மட்டும் மதிப்பு உண்டு, லூப்புக்கும் ஆர்ச்சுக்கும் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகை மேலே, ஒற்றைப்படை கீழே, இரண்டிலும் ஒன்று கூட்ட வேண்டும். என் மகளுக்கு 1, 4, 6 ஆகிய விரல்களில், அதாவது வலது கட்டை விரல், வலது மோதிர விரல், இடது கட்டை விரலில் வோர்ல். மேலே 8, 4, ஒன்று சேர்த்து 13. கீழே 16, ஒன்று சேர்த்து 17. ஆக 13/17. ரிப்போர்ட் சொன்னபடி கட்டை விரல் லூப் என்றால் 13/1. மேலேயும் கீழேயும் 1 முதல் 32 வரை வரலாம் என்பதால், 32-ஐ 32-ஆல் பெருக்கி 1,024 அறைகள், அதாவது ரேகைத் தாள்களைப் பிரித்து வைக்கும் அலமாரி அறைகள். போலீஸ் ஆவணமாக இருந்தால் ஒரு டெல்டாவைத் தவறவிட்ட தாள் வேறு அறைக்குப் போய்விடும், தேடினால் கிடைக்காது.

இந்த முறைக்கு அன்றைய வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டு வடிவமைத்ததில் பெரும்பங்கு வங்காளத்தின் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு காவல்துறை அலுவலர்களுடையது. 1897-ல் கல்கத்தாவில் இதற்கென அலுவலகமே தொடங்கினார்கள். லட்சக்கணக்கான தாள்களில் ஒன்றைத் தேடி எடுப்பதற்கான விலாசம் அது. "அலமாரிக்குப் போட்ட நம்பரை வெச்சு ஆளோட புத்தியைச் சொல்ல முடியுமாம்மா" என்றார் பெரியப்பா. முப்பது வருடம் ரேகை பார்த்தவர், கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விற்பவர்கள் சொல்லும் பெரிய காரணம், தோலும் மூளையும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து உருவாகின்றன என்பது. அது உண்மைதான். அதே அடுக்கிலிருந்துதான் முடியும் நகமும் பல்லின் எனாமலும் வருகின்றன, அதற்காக யாரும் நகத்தை வைத்துக் கணக்கு வருமா என்று சொல்வதில்லை. வடிவம் எப்படி வருகிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயமே. கருவின் விரல் நுனியில் சின்ன மேடு எழுந்து பிறகு அடங்குகிறது, அது உயரமாக இருக்கும்போது வரிகள் விழுந்தால் சுழலாகவும், சாய்ந்திருந்தால் லூப்பாகவும், தட்டையாக இருந்தால் வில்லாகவும் அமையும். 2023-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் நுனியின் நடுவிலிருந்தும் நகத்தடியிலிருந்தும் மூட்டு மடிப்பிலிருந்தும் வரிகள் அலை போலப் பரவி வந்து ஒன்றோடொன்று சந்திப்பதைக் காட்டினார்கள். மரபணு ஒன்றாக இருக்கும் இரட்டையருக்குக்கூட ரேகை அச்சாக ஒன்றாக இருப்பதில்லை.

டவுன் சிண்ட்ரோம் போன்ற சில குரோமோசோம் நிலைகளில் ரேகை அமைப்பு பல பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது மாறுபடுவது மருத்துவத்தில் தெரிந்ததுதான், அதைத்தான் இவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதிலிருந்து இசை வரும், கணக்கு வராது என்பதற்குப் போக எந்தப் பாலமும் இல்லை. ரேகையை ஆராய்ந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் 1892-லேயே இதைத் தேடிப் பார்த்தார். பரம்பரைதான் எல்லாம் என்று நம்பியவர், அறிவுக்கும் ரேகைக்கும் தொடர்பு கிடைத்திருந்தால் அவர்தான் முதலில் மகிழ்ந்திருப்பார். பெரிய சிந்தனையாளர்களின் ரேகைக்கு ஒப்பான ரேகைகள் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களிடமும் இருக்கின்றன என்றுதான் எழுதி வைத்தார். நம் நாட்டு மனநல மருத்துவர்கள் சங்கமும் 2019-ல் டிஎம்ஐடிக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. இதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் நான் தேடியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கற்கும் திறன் என்று ரிப்போர்ட்டில் தனியாக ஒரு எண் உண்டு. டெல்டாவிலிருந்து நடு மையம் வரை ஒரு கோடு போட்டால் எத்தனை வரிகள் குறுக்கே வருகின்றன என்று பத்து விரலுக்கும் எண்ணிக் கூட்டியதுதான் அது. எங்களுக்கு 112 வந்தது, பெரியப்பா லென்ஸில் எண்ணினால் 129. பிரிட்டனில் முன்பு எடுத்த கணக்கில் இந்தக் கூட்டுத்தொகை ஆண்களுக்குச் சராசரியாக 145, பெண்களுக்கு 127. அது கற்கும் திறன் என்றால் பெண்கள் படிப்பில் பின்தங்கியிருக்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட்டை வருடா வருடம் பார்க்கிறோமே, யார் அதிகம் தேர்ச்சி பெறுகிறார்கள்?

ரேகைப் படங்களை என்ன செய்வீர்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. கடவுச்சொல் என்றால் மாற்றிக்கொள்ளலாம், பிள்ளையின் விரலை மாற்ற முடியாது. அழித்துவிட்டு எழுத்தில் கொடுங்கள் என்று இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று மட்டும் பதில் வந்தது.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்று குழந்தையிடம் தன்மையாக நடந்துகொண்ட அந்தப் பெண்ணுக்கு.

உங்கள் பிள்ளைக்கு ரேகையில் ஆர்வம் இருந்தால் ஒரு ஸ்டாம்ப் பேடும் லென்ஸும் வாங்கிக் கொடுங்கள், 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். என் மகள் இப்போது ஒரு நோட்டில் வீட்டு ஆட்கள், பக்கத்து வீட்டார் என்று பதினோரு பேரின் ரேகையை எடுத்து ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் 16, 8, 4, 2, 1 போட்டுக் கூட்டி அறை எண் எழுதியிருக்கிறாள். என் அம்மாவின் இரண்டு ஆள்காட்டி விரலிலும் ஆர்ச் கிடைத்தது. அதற்கு மதிப்பு பூஜ்யம் என்றதும் அம்மா கொஞ்சம் முகம் வாட, "அது அலமாரி நம்பர் பாட்டி, உனக்கில்லை" என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.