தேர்தல் காலக் குடும்பக் குழுவும் வாட்ஸ்அப்பின் ஆர்க்கைவ் வசதியும்

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஆனால் வாக்கு எண்ணிக்கைக்கு ஜூன் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விரலில் வைத்த மை மங்கிய பின்னரும் எங்கள் குடும்பக் குழுவில் சண்டை மட்டும் மங்கவில்லை. ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பும் சித்தப்பாவுக்கும் மாற்றுக் கட்சி அனுதாபியான அத்தை மகனுக்கும் பத்து மணிக்குள் வாக்குவாதம் முற்றிவிடும். அந்த நாள்களில் வாட்ஸ்அப்பில் உள்ள தற்காப்பு வசதிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில் மியூட். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று தேர்வுகள் அதில் உண்டு. ஓசை அடங்கிவிடும் என்றாலும், புதிய செய்தி வரும்போதெல்லாம் குழு பட்டியலின் மேலே ஏறி வந்து, படிக்காத செய்திகளின் எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் இரவு 120 என்ற எண்ணைக் கண்டு மனம் கேளாமல் திறந்து, "சித்தப்பா, நீங்கள் சொல்லும் கணக்கு தவறு" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அடுத்த வாரம் நடந்த காதுகுத்து விழாவில், எவரையும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விடாத அவர், என் இலையைக் கடந்து பேசாமல் போனார்.

குழுவை ஆர்க்கைவ் செய்த பிறகுதான், அதாவது உரையாடல் பட்டியலிலிருந்து தனிப் பகுதிக்குள் ஒதுக்கிவைத்த பிறகுதான், கை அடங்கியது. முன்பெல்லாம் புதிய செய்தி வந்தவுடன் அந்த உரையாடல் மீண்டும் வெளியே வந்துவிடும். 2021இல் செய்த மாற்றத்திற்குப் பின், நாமாக எடுக்கும்வரை அது உள்ளேயே கிடக்கிறது. எண் கண்ணில் படாததால் திறக்கும் எண்ணமே எழவில்லை. எனினும், நம் பெயரைக் குறிப்பிட்டோ நம் செய்திக்குப் பதிலாகவோ யாரேனும் எழுதினால் அறிவிப்பு வரும். இதைக் கண்டுபிடித்த அத்தை மகன், "மச்சான் கருத்து என்ன?" என்று என்னை இரண்டு முறை இழுத்துவிட்டான்.

ஓசையின்றி வெளியேறும் வசதி 2022இல் வந்தது. அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகும் என்பது ஆறுதல்தான், ஆனால் எங்கள் அட்மின் அத்தை. அதற்குமேல், விலகியவர்களின் பட்டியலை மற்றவர்களும் 60 நாள்கள் வரை பார்க்க முடியும். அட்மின் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பை வாக்கு எண்ணிக்கை நாளன்று அத்தை இயக்கிப் பார்த்தார். அன்று பெரியப்பாவின் பிறந்தநாள் என்பதால், வாழ்த்த வழியில்லை என்று முறையீடு எழுந்து மாலைக்குள் நீக்கிவிட்டார்.

ஃபேஸ்புக்கில் ஒருவரின் பதிவுகளை 30 நாள்களுக்கு மறைக்கும் ஸ்னூஸ் வசதியும் நன்றே. சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவும் வராது.

என் மதிப்பீட்டில் ஆர்க்கைவுக்கு ஐந்துக்கு நான்கு. முக்கியச் செய்தி தவறிவிடுமோ என்று தயங்குவோருக்கு என் அனுபவம்: ஒரு நிச்சயதார்த்தச் செய்தி மட்டுமே எனக்கு இரண்டு நாள் தாமதமாகத் தெரிந்தது, அதையும் அத்தை தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார்.